மல்லாந்து கிடப்பதெல்லாம் செத்த வண்டல்ல: மருந்து வலைச் சோதனையில் நேரும் தவறுகள்

கொசுவுக்காக வந்த மருந்து வலையைத் தானிய வண்டுகளிடமும் சோதித்துப் பார்க்கிறார்கள். டெல்டாமெத்ரின் போன்ற, பைரித்ராய்டு என்ற வகைப் பூச்சிமருந்தை இழைக்குள்ளேயே கலந்து செய்த வலை அது. கிடங்கின் ஜன்னலிலோ மூட்டை அடுக்கின் மேலோ கட்டினால், ஊர்ந்து கடக்கும் வண்டின் காலில் மருந்து ஒட்டிக்கொள்ளும். சோதனை சுலபம் போலத்தான் தெரியும். ஒரு கண்ணாடித் தட்டு, ஒரு துண்டு வலை, சில வண்டுகள், ஒரு கடிகாரம். இந்தச் சுலபம்தான் பலரையும் கவிழ்க்கிறது.

முதல் தவறு, கொசுவின் கணக்கை வண்டுக்கும் போடுவது. கொசுவலைக்கான உலக சுகாதார நிறுவனத்தின் கூம்புச் சோதனையில் கொசு 3 நிமிடம் வலையில் இருக்கும். 60-ஆவது நிமிடத்தில் விழுந்தவற்றையும், 24 மணி நேரத்தில் செத்தவற்றையும் எண்ணுவார்கள். சிவப்பு மாவு வண்டு மாதக்கணக்கில் வாழ்கிற, ஓடு கெட்டியான பிராணி. அது விழும், எழும், மறுபடி விழும். நான் முதன்முதலில் செய்த சோதனையில் மாலை ஐந்து மணிக்கு இருபது வண்டும் மல்லாந்து கிடந்தன. நோட்டில் 20/20 என்று எழுதிவிட்டுக் கிளம்பினேன். காலையில் வந்து பார்த்தால் ஏழு வண்டுகள் தட்டின் ஓரமாக நடந்துகொண்டிருந்தன. இன்னும் நான்கு, கால்களை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தன.

அதனால் உயிர், சாவு என்று இரண்டே கட்டம் போடாதீர்கள். நடப்பவை, தடுமாறுபவை, செத்தவை என்று மூன்றாகப் பிரியுங்கள். மெல்லிய தூரிகையால் தொட்டுப் பார்த்து, உணர்கொம்பு துடித்தால்கூடச் செத்ததில் சேர்க்கக் கூடாது. இந்த வண்டு செத்ததுபோல நடிக்கவும் செய்யும். தொட்டதும் அசையவில்லை என்றால் கொஞ்சம் காத்திருந்து மறுபடி பாருங்கள். எண்ணிக்கையை 1, 3, 7 நாட்களில் எடுங்கள். இடையில் மாவு வைத்தீர்களா இல்லையா என்பதையும் எழுதுங்கள். தீனி கிடைத்த வண்டு தேறிவிடும், பட்டினி கிடந்தது சாகும். ஒரே வலைக்கு இரண்டு முடிவு வரும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. சாவை மட்டும் எண்ணிவிட்டு, வலை உதவாது என்று ஒதுக்குவது. அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்து மன்ஹாட்டனில் உள்ள வேளாண்துறை ஆய்வகத்தார் மாவு வண்டையும், தானியத் துளைப்பான் என்ற இன்னொரு வண்டையும் வைத்துச் செய்த வேலையில், சில நிமிடத் தொடுகையே வண்டின் நடமாட்டத்தை வெகுவாகக் குறைத்தது. கிடங்குக்காரருக்கு வண்டு செத்ததா என்பதா முக்கியம்? அது நெல்லுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதுதானே! ஒரு பெட்டியின் இந்த முனையில் வண்டையும் அந்த முனையில் தானியத்தையும் வைத்து, எத்தனை போய்ச் சேர்ந்தன என்று எண்ணிப் பாருங்கள். என்னைக் கேட்டால் இந்தச் சோதனை இல்லாத அறிக்கை அரை அறிக்கை.

வண்டை நாள் முழுக்க வலைமேல் அடைத்துவைப்பதும் தவறுதான். மாவு வண்டின் நீளம் 3 முதல் 4 மில்லிமீட்டர், அகலம் சுமார் 1 மில்லிமீட்டர். கொசுவலைக் கண்ணுக்குள் அது நுழைந்து போய்விடும். கிடங்கில் அது வலையைத் தொடும் நேரம் மிகக் குறைவு. 24 மணி நேரம் அடைத்துவைத்து வாங்கிய நூறு சதவீதம் தாளில் மட்டுமே நிற்கும்.

தட்டையும் கவனியுங்கள். மாவு வண்டும் தானியத் துளைப்பானும் சுத்தமான கண்ணாடியில் ஏறத் தெரியாதவை. அரிசிக் கூன்வண்டு விறுவிறுவென்று ஏறிவிடும். வலையில் கால் படாமல் சுவரிலேயே உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்து ‘கூன்வண்டுக்கு எதிர்ப்புச் சக்தி’ என்று எழுதிவிடாதீர்கள். சுவரில் வழுக்குகிற ஃப்ளுயான் பூச்சு தடவினால் தீர்ந்தது. வலை தளர்ந்திருந்தால் வண்டு அடியில் புகும், ஆகவே இழுத்து ஒட்டுங்கள். ஒப்பீட்டுத் தட்டை வெறுமனே விடாதீர்கள், அதே வகை மருந்தில்லாத வலை அதில் இருக்க வேண்டும். அதற்குத் தனித் தூரிகை, தனி இடுக்கி. மருந்து வலையைத் தொட்ட இடுக்கியாலேயே அதையும் தொட்டால், அங்கே சாகிற வண்டுகளுக்குக் காரணம் உங்கள் கைதான். அங்கும் சில சாகத்தான் செய்யும். ஒப்பீட்டுத் தட்டின் சாவைக் கணக்கில் கழிக்கும், 1925-இல் வந்த அபாட் சூத்திரத்தால் திருத்திக்கொள்ளலாம். நிறைய செத்திருந்தால் திருத்தாதீர்கள், சோதனையையே திரும்பச் செய்யுங்கள்.

ஒரு தட்டில் இருபது வண்டு என்றால் அது இருபது மாதிரி இல்லை, ஒன்று. பல வலைகளிலிருந்து துண்டு வெட்டி, வேறு வேறு நாளில் செய்தால்தான் எண்ணிக்கைக்கு மதிப்பு.

வண்டு எங்கிருந்து வந்தது என்பதும் இருக்கிறது. ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த வண்டு மருந்து வாசனையே அறியாது. நம் ஊர்க் கிடங்குகளில் டெல்டாமெத்ரின் 2.5 சதவீதத் தூளை லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் கலந்து தெளிப்பது வழக்கம். அங்கே பிழைத்த வண்டின் வாரிசுகளைத்தான் இந்த வலை சந்திக்கப் போகிறது. மூட்டையிலிருந்து சலித்தெடுத்த வண்டுகளையும் பக்கத்தில் வைத்துச் சோதியுங்கள். சலித்தாலும் அகப்படாது, துளைப்பானின் புழு நெல்மணிக்குள் இருக்கிறது. எந்த வலையும் அதைத் தொடாது.