ஸ்ட்ரெய்ட் பூலில் உங்கள் கை எந்த அளவு? பத்து இன்னிங்ஸில் அளந்து பார்க்கலாம்

மேஜையில் கோலால் அடித்துப் பந்துகளை பாக்கெட்டில் போடும் பூல் ஆட்டங்களில் ஒன்று ஸ்ட்ரெய்ட் பூல். அதை ஆடுகிறவரிடம் "எவ்வளவு போடுவீங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் ஹை ரன்னைத்தான் சொல்வார். தவறாமல் தொடர்ந்து போட்ட அதிகபட்சப் பந்துகள் அது. பந்துகள் நமக்காகவே பிரிந்து கிடந்த ஒரு நல்ல நாளின் கணக்கு. நாளைக்கு எவ்வளவு போடுவீர்கள் என்று அது சொல்லாது. உலகச் சாதனைகளிலேயே இந்தச் சிக்கல் உண்டு. 1954-ல் வில்லி மாஸ்கோனி 526 போட்டது 8 அடி மேஜையில். 2019-ல் ஜான் ஷ்மிட் 626 போட்டது 9 அடி மேஜையில். இரண்டையும் எப்படி ஒப்பிடுவது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. நமக்கு வேண்டியது சராசரி.

முதலில் விதி, சுருக்கமாக. 15 பந்துகள். எந்தப் பந்து, எந்த பாக்கெட் என்று சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். எண், நிறம், வரிசை எதுவும் கிடையாது. விழும் ஒவ்வொரு பந்துக்கும் 1 புள்ளி. 14 விழுந்ததும் கடைசிப் பந்தை அது நிற்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, மற்ற 14-ஐயும் முக்கோணத்தின் முனையைக் காலியாக வைத்து மறுபடி அடுக்குவார்கள். அந்தப் பதினைந்தாவது பந்தைப் போடும் அடியிலேயே வெள்ளையும் (கோலால் அடிக்கும் பந்து) போய் அடுக்கை உடைக்கும்படி ஆடப் பார்ப்பார்கள். ஆட்டத்தின் உயிரே அந்த ஒரு அடிதான்.

படி 1: மேஜையை அளங்கள்

மலையில் இதைத் தவிர்த்தால் மற்ற கணக்கெல்லாம் வீண். ஊட்டியில் ஜூலை மழையிலும், குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் ஐப்பசி கார்த்திகை மழையிலும் மேஜைத் துணி ஈரம் குடித்துக் கனத்துவிடும். ஏப்ரலில் குஷன் (மேஜையின் ரப்பர் ஓரம்) தொட்டுத் திரும்பிய அதே அடி பாதி வழியில் நின்றுவிடும். உங்கள் கை கெட்டுவிட்டதா, துணி கெட்டுவிட்டதா என்று எப்படித் தெரியும்?

கெட்டியான அட்டை ஃபைல் ஒன்றை நீளவாக்கில் மடித்து, சுமார் 30 செ.மீ. நீளத்துக்கு ஒரு சரிவுப் பாதை செய்யுங்கள். ஒரு முனையை ஒரு சாக்கட்டியின் (கோல் நுனியில் தேய்க்கும் சாக்) மேல் தூக்கி வையுங்கள். மறுமுனை ஹெட் ஸ்ட்ரிங்கைத் தொட வேண்டும். ஹெட் ஸ்ட்ரிங் என்பது பிரேக் (முதல் உடைப்பு) அடிக்கும் பக்கத்துக் குஷனிலிருந்து இரண்டாவது வைரப்புள்ளிக்கு (மேஜை விளிம்பில் சம தூரத்தில் உள்ள குறி) நேரான கோடு. அட்டையில் பேனாவால் ஓர் இடத்தைக் குறித்து, பந்தை அங்கே வைத்துத் தள்ளாமல் விடுங்கள். எத்தனை வைரப்புள்ளி தூரம் உருண்டது என்று எழுதுங்கள். எதிர்க் குஷனில் மோதினால் சாக்கட்டிக்குப் பதில் அதைவிடத் தாழ்ந்த வேறு எதையாவது வைத்து உயரத்தைக் குறையுங்கள். பிறகு அந்த உயரத்தை மாற்றவே கூடாது.

இந்தப் பக்கமிருந்து மூன்று முறை, அந்தப் பக்கமிருந்து மூன்று முறை. இரு திசையிலும் தூரம் வேறுபட்டால் மேஜை சாய்ந்திருக்கிறது. வழக்கத்தைவிட ஒரு வைரப்புள்ளி குறைந்தால் அன்றைய மதிப்பெண் பக்கத்தில் "ஈரம்" என்று எழுதிவிடுங்கள்.

பந்துகளைத் துடைத்துக் காயவைத்த பிறகே ஆரம்பியுங்கள். அழுக்கும் ஈரமும் ஒட்டிய பந்துகள் ஒன்றையொன்று தொடும்போது ஒரு கணம் பற்றிக்கொள்ளும். பந்தின் ஓரத்தைத் தொட்டுத் திருப்பும் மெல்லிய வெட்டடி பாக்கெட்டின் ஓரத்தில் முட்டி நிற்கும். சாக்கட்டியை மேஜை ஓரத்தில் விட்டுவைக்காமல் சட்டைப் பையில் வையுங்கள். நமத்துப்போன சாக் கோலின் நுனியில் பிடிக்காது, அடி வழுக்கும்.

படி 2: பத்து இன்னிங்ஸ்

தனியாகவே ஆடலாம். சுமார் ஒரு மணி நேரம் ஆகும்.

15 பந்துகளையும் அடுக்கிப் பலமாக உடையுங்கள். இந்த உடைப்பில் விழுந்ததற்குப் புள்ளி இல்லை. எடுத்து ஃபுட் ஸ்பாட்டில் (அடுக்கின் முனைப் பந்து நிற்கும் புள்ளி) வையுங்கள், அங்கே இடமில்லாவிட்டால் அதற்கு நேர் பின்னால். வெள்ளையை ஹெட் ஸ்ட்ரிங்குக்குப் பின்னால் விருப்பப்பட்ட இடத்தில் வைத்து ஆரம்பியுங்கள். பந்தையும் பாக்கெட்டையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆளில்லாத அறையில் இது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும், ஆனாலும் சொல்லுங்கள். மனத்துக்குள் சொன்னால் விழுந்த பாக்கெட்டெல்லாம் சொன்ன பாக்கெட் ஆகிவிடும்.

தவறும் வரை ஆடுங்கள். தவறினால் அந்த இன்னிங்ஸ் முடிந்தது. ஃபவுல் (வெள்ளையே பாக்கெட்டில் விழுவது போன்ற விதிமீறல்) என்றால் முடிவதோடு 1 புள்ளி கழியும். 14 விழுந்தால் விதிப்படி மறுபடி அடுக்கித் தொடருங்கள். ஆனால் 20 வந்ததும் நிறுத்திவிட வேண்டும். இந்த 20 என்ற உச்சவரம்பு ஒரே ஒரு அதிர்ஷ்ட ரன் மொத்தக் கணக்கையும் தூக்கிவிடாமல் தடுக்கிறது. முழு மதிப்பெண் 200.

சேஃப்டி, அதாவது பந்தைப் போடப் பார்க்காமல் தற்காத்து அடிப்பது, கிடையாது. போட வழியே இல்லையென்றாலும் எதையாவது சொல்லி அடிக்க வேண்டும்.

படி 3: எப்படி முடிந்தது என்று எழுதுங்கள்

புள்ளியை மட்டும் எழுதினால் பாதி வேலைதான். ஒவ்வொரு இன்னிங்ஸும் ஏன் முடிந்தது என்று ஓர் எழுத்து போதும்: நேரான, போட வேண்டிய பந்தைத் தவறவிட்டால் "ம". வெள்ளை தப்பான இடத்துக்குப் போனதால் கஷ்டமான அடி வந்து தவறினால் "வெ". கொத்தாக ஒட்டியிருந்த பந்துகளைப் பிரிக்காமல் விட்டு மாட்டிக்கொண்டால் "கொ". ஃபவுல் என்றால் "ஃ". நோட்டில் இப்படி இருக்கும் (இன்னிங்ஸ் எண், புள்ளி, காரணம்):

4, 6, வெ
5, 0, ம
6, 11, கொ

"ம", "வெ" இரண்டுக்கும் இடையில்தான் எல்லாரும் ஏமாற்றிக்கொள்வார்கள். சந்தேகம் வந்தால் முந்தைய அடியைப் பாருங்கள். வெள்ளையை எங்கே நிறுத்த நினைத்தீர்களோ, அங்கிருந்து ஒரு முழத்துக்கு மேல் தள்ளி நின்றிருந்தால் அது "வெ".

படி 4: எண்ணைப் படிப்பது

ஒவ்வொரு அடியும் விழும் வாய்ப்பு ஒரே அளவு என்று வைத்துக்கொண்டால், 200-க்கு 10 எடுப்பவர் இரண்டு அடிக்கு ஒன்றைப் போடுகிறார். 23 என்றால் 70 சதவீதம். 40 என்றால் 80. 79 என்றால் 90. 122 என்றால் 95.

கவனியுங்கள்: 80-லிருந்து 90 சதவீதத்துக்குப் போனால் மதிப்பெண் இரட்டிப்பாகிறது. 14 பந்துகளையும் தொடர்ந்து முடிக்கும் வாய்ப்பு 80 சதவீதக்காரருக்கு 23 முறைக்கு ஒன்று. 90 சதவீதக்காரருக்கு நான்கைந்து முறைக்கு ஒன்று. சுலபமான பந்தில் விடும் ஒரு சின்னப் பிசகு எவ்வளவு தின்கிறது என்பது இதில் தெரியும்.

ஒரு நாள் மதிப்பெண்ணை நம்ப வேண்டாம். உண்மையில் 40 எடுக்கக்கூடியவர் மூன்றில் இரண்டு நாள் 26-க்கும் 54-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் நிற்பார். மற்ற நாட்களில் இன்னும் தள்ளிப் போவார். நான்கு நாள் சராசரி எடுத்தால் அந்த ஏற்ற இறக்கம் பாதியாகக் குறையும். அதனால் நான்கு நாளுக்கு ஒருமுறைதான் "கை ஏறியிருக்கிறதா" என்று பார்க்க வேண்டும், அதுவும் அதே மேஜையில். 12 அடி ஸ்னூக்கர் மேஜையில் எடுத்த எண்ணை இதோடு சேர்க்கவே கூடாது. பாக்கெட்டின் வாய் வேறு. பந்தும் 57 மி.மீ.க்குப் பதில் 52.5 மி.மீ.

ஸ்னூக்கர் விதிகளை எழுதி மாட்டியதே ஊட்டி கிளப்பில்தான் என்பதால் இந்தப் பக்கம் ஸ்னூக்கர் கை உள்ளவர்கள் அதிகம். அவர்கள் நோட்டில் "ம" குறைவாகவும் "கொ" நிறையவும் இருந்தால் ஆச்சரியமில்லை. நீளமான பந்து கண்ணை மூடிக்கொண்டு விழும், கொத்தைப் பிரிக்கும் பழக்கம் மட்டும் வந்திருக்காது. அவர்களுக்கு அடுத்த படி கட்டாயம்.

படி 5: உடைக்கும் அடிக்குத் தனிச் சோதனை

14 பந்துகளை முனை காலியாக அடுக்குங்கள். அடுக்கின் வலது பக்கம், ஒரு பந்து இடைவெளி விட்டு, நடு வரிசைக்கு நேராக ஒரு பந்தை வையுங்கள். வலது மூலை பாக்கெட்டில் அதைப் போட்டால் வெள்ளை அடுக்கின் பக்கவாட்டில் மோதும்படி வெள்ளையை நிறுத்துங்கள். இரு இடங்களையும் சின்னக் காகித வட்டத்தால் குறித்துக்கொண்டு பத்து முறை அடியுங்கள். பந்து விழுந்து, அடுத்து போட ஒரு தெளிவான பந்தும் இருந்தால்தான் 1 புள்ளி.

விழுந்தும் அடுக்கு பிரியாவிட்டால் பெரும்பாலும் காரணம் வேகமல்ல. வெள்ளை அடுக்கை உரசிக்கொண்டு போயிருக்கும். கோணத்தைச் சற்று மாற்றி, ஒரு பந்தின் நடுவில் முழுசாக மோதும்படி வையுங்கள். பிரிந்தும் அடுத்த பந்து இல்லையென்றால் வெள்ளை அடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடுவுக்குச் சற்று மேலே அடித்துப் பாருங்கள்.

சராசரி கையில் இருந்தால் நண்பரோடு ஆட்டம் வைப்பதும் சுலபம். ஒருவருக்கு இன்னிங்ஸுக்கு 8, மற்றவருக்கு 4 என்றால் அவர் 100-க்கும் இவர் 50-க்கும் ஆடலாம். நான்கைந்து ஆட்டத்துக்கு ஒருமுறை திருத்திக்கொள்ளுங்கள்.