கூவும் விளம்பரமும் கூவாத விளம்பரமும்
'இன்று மட்டும்', '1 வாங்கினால் 1 இலவசம்' எல்லாம் வெளிப்படையான தூண்டில், யாருக்கும் தெரியும். சத்தமில்லாமல் வேலை பார்ப்பவைதான் வில்லங்கம். விலை 9.90 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால் கண் 9-லேயே நின்றுவிடும். 'குடும்பப் பொட்டலம்' என்ற சொல் அதைவிடக் கெட்டி: 500 கிராம் உளுந்து 2.10 வெள்ளி, 1 கிலோ 4.40 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராமுக்கு முறையே 42 காசு, 44 காசு. பெரிய பைதான் நட்டம்! விலையை கிராமால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் போதும், கைபேசியிலேயே தெரிந்துவிடும்.

பான டின்னில் பழப்படத்தைப் பார்க்காதீர்கள். சிங்கப்பூரில் பானங்களின் தரத்தைக் காட்டும் நியூட்ரி-கிரேட் முத்திரையில் உள்ள சர்க்கரை விழுக்காட்டைப் பாருங்கள். 8% என்றால் 100 மில்லிலிட்டரில் 8 கிராம். 330 மில்லிலிட்டர் டின்னை முழுதாகக் குடித்தால் 26 கிராமைத் தாண்டும்.