கறுப்புக் கிளிப்பை எங்கே மாட்டுகிறீர்கள்?

போன ஞாயிறு பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவன் புது டிஜிட்டல் ஸ்கோப்பை (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்) தூக்கிக்கொண்டு மன்னார்குடியில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தான். குறுவை நேரம், மேஜை நிறைய பம்ப்செட் ஸ்டார்ட்டர் போர்டுகள். ஒன்று கரன்ட்டில் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி ஸ்கோப்பின் அளவெடுக்கும் ஒயரான ப்ரோபைப் பிரித்தான், அதில் தொங்கும் கறுப்புக் கிளிப்பை நேரே அந்தப் போர்டின் கிரவுண்டுக்கு, அதாவது பூஜ்ய வோல்ட் இடத்துக்கு, கொண்டுபோனான். எட்டி மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"ஏண்ணே, இப்பத்தானே மல்டிமீட்டரை அதே இடத்துல வச்சுப் பாத்தீங்க?"

கேள்வி நியாயம்தான். அதே நியாயத்துக்கு நான் ஒருமுறை 28,000 ரூபாய் ஸ்கோப்பில் ஒரு சேனலைப் பலி கொடுத்திருக்கிறேன்.

புதியவர்கள் செய்யும் எல்லாத் தவறையும் இங்கே அடுக்கப் போவதில்லை. சேனலை ஆஃப் செய்துவிட்டு அலையைத் தேடுவதெல்லாம் இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும். காசையும் பொழுதையும் தின்பவை மட்டும்.

கறுப்புக் கிளிப் என்பது எர்த்

மல்டிமீட்டர் பேட்டரியில் ஓடுவது. அதன் இரண்டு ஒயரும் எதோடும் ஒட்டாமல் அந்தரத்தில் இருக்கின்றன. மேஜை ஸ்கோப் அப்படி இல்லை. ப்ரோபின் கிளிப், ப்ரோபைச் சொருகும் பிஎன்சி சாக்கெட்டின் உலோக ஓட்டில் போய் முடிகிறது, ஓடு ஸ்கோப்பின் உலோகச் சட்டமான சேசிஸோடு சேர்கிறது, சேசிஸ் மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னோடு சேர்கிறது. கிளிப்பை ஓர் இடத்தில் மாட்டினால் அந்த இடத்தை ஒயர் போட்டு பூமியில் இறக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டு சேனலின் கிளிப்பும் உள்ளே ஒன்றுதான். ஒன்றை இங்கேயும் ஒன்றை அங்கேயும் மாட்டினால் அந்த இரண்டு இடமும் ஷார்ட்.

என் கதைக்கு வருகிறேன். மேல்தொட்டியில் தண்ணீர் நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் சின்ன போர்டு அது. விலையைக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மர் வைக்காமல், ஒரு கபாசிட்டரையும் ஜீனர் டயோடையும் கொண்டே 230 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட் எடுத்திருந்தார்கள். இந்த மாதிரி போர்டில் கிரவுண்டு என்று இருக்கும் இடம், வரும் இரண்டு கரன்ட் ஒயரில் ஒன்றோடு நேரடியாகச் சேர்ந்திருக்கும். முதல் நாள் கிளிப்பை மாட்டினேன், அலை அழகாக வந்தது. படம்கூட எடுத்து வைத்தேன். அன்றைக்கு அந்த இடத்தில் இருந்தது நியூட்ரல். தெரு டிரான்ஸ்ஃபார்மரிலேயே எர்த் ஆகிவிட்ட ஒயர் என்பதால் வம்பு வரவில்லை. மறுநாள் காலை இரண்டு பின் பிளக்கை எந்தப் பக்கமாகச் சொருகினேன் என்று யார் பார்த்தது?

கிளிப்பின் பல் படுவதற்குள் டப் என்று ஒரு நீலப் பொறி. எம்சிபி விழுந்து பட்டறை இருண்டது. ஃபேஸ், போர்டு, கிளிப், சேசிஸ், எர்த் என்று போன வழியில் தடுக்க ஒரு ரெசிஸ்டர்கூட இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் கிளிப்பில் இரண்டு பல் உருகி கடுகு மாதிரி உருண்டு நின்றன. ஒன்றாம் சேனல் அதற்கப்புறம் எதைக் காட்டினாலும் ஒரே நேர்கோடுதான். சர்வீஸில் கேட்ட தொகையோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வாங்கிவிடலாம். வாங்கவில்லை. இன்றைக்கும் இரண்டாம் சேனலில்தான் பிழைப்பு ஓடுகிறது.

மொபைல் சார்ஜர், எல்இடி டிரைவர் இவற்றின் கரன்ட் பக்கத்தில் பிளக்கைத் திருப்பிச் சொருகியும் தப்ப முடியாது. ஏசியை டிசி ஆக்கும் டயோடு பிரிட்ஜின் மைனஸ் ஒவ்வொரு சைக்கிளிலும் பாதி நேரம் டயோடு வழியாக ஃபேஸோடு சேர்ந்திருக்கும். எர்த்தைவிட 325 வோல்ட் வரை கீழே போய் வரும்.

இதற்கு ஊரெல்லாம் ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். அதைக் கேட்டால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது: "ஸ்கோப்போட எர்த் பின்னை ஒடிச்சுடு." ஒடித்தால் பொறி வராது, வாஸ்தவம். பதிலுக்கு ஸ்கோப்பின் பிஎன்சி ஓடு, யுஎஸ்பி சாக்கெட், சும்மா தொங்கும் இன்னொரு கிளிப் எல்லாம் ஃபேஸ் ஆகிவிடும். ஐப்பசி மழையில் ஓதமேறிய சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நின்று அதைத் தொட்டுப் பார்க்க வேண்டுமா? போதாக்குறைக்குப் பழைய வீடுகள் பலவற்றில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்பு மண் எர்த் பைப்பை அரித்துவிடும். அங்கெல்லாம் யாரும் ஒடிக்காமலே பின் ஒடிந்த கணக்குத்தான். ஸ்கோப்பை மேஜையில் ஏற்றும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, எப்படித்தான் பார்ப்பது? பாதி நேரம் கரன்ட்டே தேவைப்படாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டின் 12 வோல்ட் பகுதிக்கு பேட்டரியிலிருந்து கொடுங்கள். மைக்ரோகண்ட்ரோலர், ரிலே எல்லாம் அதிலேயே ஓடும். கரன்ட் பக்கத்தையேதான் பார்க்க வேண்டும் என்றால், எந்த இடத்தையும் எர்த்தோடு சேர்க்காமல் இரண்டு இடத்துக்கு நடுவே உள்ள வோல்ட்டைக் காட்டும் டிஃபரென்ஷியல் ப்ரோப். விலை கசக்கும், ஆனால் அதற்கென்றே செய்தது. இல்லாவிட்டால், வரும் ஒயரோடு நேரடித் தொடர்பில்லாமல் கரன்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். அதைப் போட வேண்டியது சோதிக்கும் போர்டுக்கு, ஸ்கோப்புக்கு அல்ல. வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்ஸ்டாட்டையும் வீட்டு ஸ்டெபிலைசரையும் காட்டி "இதுவும் டிரான்ஸ்ஃபார்மர்தானே அண்ணே" என்று கேட்பவர்கள் உண்டு. டிம்மர்ஸ்டாட் ஒரே சுருளில் வேலை செய்யும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், ஸ்டெபிலைசரும் பெரும்பாலும் அப்படித்தான். ஃபேஸ் அப்படியே அந்தப் பக்கம் வந்து நிற்கும்.

சந்தேகமான போர்டில் கிளிப்பை மாட்டும் முன், மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து போர்டின் கிரவுண்டுக்கும் எர்த்துக்கும் நடுவே பார்ப்பேன். இதிலும் ஒரு பேய் இருக்கிறது. நல்ல இரண்டு பின் அடாப்டரின் வெளிப்பக்கம்கூட, உள்ளே கரன்ட் பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் இணைக்கும் சின்ன ஒய் கபாசிட்டரால், 100 வோல்ட்டுக்குப் பக்கமாகக் காட்டும். மீட்டருக்குக் குறுக்கே 100 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு மறுபடி பாருங்கள். பேய் வோல்டேஜ் என்றால் சரசரவென்று இறங்கிவிடும். நிஜக் கரன்ட் என்றால் அசையாது. அசையாத இடத்தில் கிளிப்புக்கு வேலை இல்லை.

ஆட்டோ பட்டன்

செட்டிங் எல்லாவற்றையும் ஸ்கோப்பே தானாக வைத்துக்கொள்ளும் பட்டன் இது. முதல் ஒரு மாதம் தொடாதீர்கள்.

ஒரு எக்ஸ், பத்து எக்ஸ்

ஒரு எக்ஸ் என்றால் வோல்ட் அப்படியே ஸ்கோப்புக்குப் போகும், பத்து எக்ஸ் என்றால் பத்தில் ஒரு பங்காகக் குறைந்து போகும். இதற்கு ப்ரோபில் ஒரு ஸ்விட்ச், ஸ்கோப் மெனுவில் ஒரு செட்டிங். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் 5 வோல்ட் 50 ஆகும், இல்லை அரை வோல்ட் ஆகும். அதைக்கூட ஒருவாறு கண்டுபிடித்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத கேடு வேறு. ஒரு எக்ஸில் ப்ரோப் 100 பிகோஃபேரட்டுக்குப் பக்கமான சுமையைச் சர்க்யூட்டின் தலையில் ஏற்றுகிறது. சாதாரண ப்ரோபில் 6 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு மேல் எதுவும் ஒழுங்காக வராது. 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் காலில் அப்படி வைத்தால் ஆசிலேட்டரே நின்றுபோகலாம். கிரிஸ்டல் செத்துவிட்டது என்று கழற்றி எறிந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். பத்து எக்ஸிலேயே விட்டுவிடுங்கள். புது ப்ரோப் என்றால் ஸ்கோப்பின் முகப்பில் இருக்கும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையில் மாட்டி, மூலையில் முளையோ வளைவோ இல்லாமல் மேல்கோடு தட்டையாகும் வரை ப்ரோபின் குட்டி ஸ்குருவைத் திருகுங்கள்.

முறை வைத்துப் பார்த்த வாய்க்கால்

ஆறு நாள் தண்ணீர், ஆறு நாள் நிறுத்தம் என்று வாய்க்காலில் முறை வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாகப் பன்னிரண்டு நாளுக்கு ஒருதரம் கரையில் போய் நிற்பவனுக்கு, வாய்க்கால் ஒன்று எப்போதும் நிறைந்திருக்கும், இல்லை எப்போதும் காய்ந்திருக்கும். டிஜிட்டல் ஸ்கோப்பும் இப்படி விட்டு விட்டுத்தான் பார்க்கிறது.

அப்படி ஒருதரம் பார்ப்பதை ஒரு மாதிரி (சாம்பிள்) என்பார்கள். பெட்டியில் விநாடிக்கு 100 கோடி மாதிரி என்று போட்டிருக்கும். திரையில் ஒரு முழு விநாடியை விரித்துவிட்டு, மெமரி பத்தாயிரம் புள்ளிதான் என்றால் உங்களுக்குக் கிடைப்பது விநாடிக்குப் பத்தாயிரம் மாதிரி. அந்த நிலையில் 60.05 கிலோஹெர்ட்ஸ் அலை, அச்சு அசல் 50 ஹெர்ட்ஸ் கரன்ட் அலை போலத் திரையில் வந்து உட்காரும். இப்படி ஒன்றை கரன்ட் ஹம் என்று நம்பி, ஒரு சாயங்காலம் முழுக்க ஃபில்டர் கபாசிட்டரை மாற்றிக்கொண்டே இருந்தேன். திரையின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஓடும் மாதிரி வேகத்தை அப்போது நான் பார்த்ததே இல்லை. சந்தேகம் வந்தால் நேரக் குமிழைத் திருகிப் பாருங்கள். அலையின் ஃப்ரீக்வன்சி அதோடு சேர்ந்து மாறினால் அது பொய் அலை.

நீளமான கிரவுண்டு ஒயர்

15 சென்டிமீட்டர் ஒயரும் ப்ரோபின் கபாசிட்டன்ஸும் சேர்ந்தால் 100 மெகாஹெர்ட்ஸ் பக்கம் தானே மணியடிக்கும். வேகமான சதுர அலையின் மூலையில் தெரியும் நடுக்கத்தில் பாதி உங்கள் ஒயருடையது. நீள ஒயருக்குப் பதிலாக முனையிலேயே மாட்ட ப்ரோபோடு வரும் குட்டி ஸ்பிரிங் கிரவுண்டைத் தூக்கி எறியாதீர்கள்.

ரிப்பிள்

டிசி சப்ளையின் மேல் மிச்சமிருக்கும் சின்ன அலைதான் ரிப்பிள். அதைப் பார்க்க, டிசியைக் கழித்துவிட்டு அலையை மட்டும் காட்டும் ஏசி கப்ளிங், அதற்கு மேலான இரைச்சலை வெட்டும் 20 மெகாஹெர்ட்ஸ் லிமிட். 5 வோல்ட் கட்டத்தில் வைத்து மில்லிவோல்ட்டைத் தேடாதீர்கள். 8 பிட் ஸ்கோப்பில் அங்கே ஒரு படியே 150 மில்லிவோல்ட்டுக்கு மேல்.

டிரிகர்

எந்த நொடியில் அலையைப் பிடிக்க வேண்டும் என்று ஸ்கோப்புக்குச் சொல்வதுதான் டிரிகர். அதை வைக்காமல், அலை ஓடிக்கொண்டே இருந்தால் ஸ்டாப் பட்டனை அடித்துப் பிடிப்பது, கண்ணை மூடிக்கொண்டு வாய்க்காலில் கெண்டை பிடிக்கிற வேலை. ஒரே தடவை நடந்து முடியும் சங்கதிக்கு, ஒருதரம் பிடித்துத் திரையில் நிறுத்திவிடும் சிங்கிள் மோடு இருக்கிறது.

அந்தத் தம்பியிடம் அதைத்தான் கொடுத்தேன். மேஜையில் இருந்த ஸ்டார்ட்டர் போர்டுக்கு ஒரே பட்டன், ஒருதரம் அழுத்தினால் மோட்டார் ஓடும், இன்னொருதரம் அழுத்தினால் நிற்கும். சில நாள், மோட்டார் ஓட ஆரம்பித்த உடனே நின்றுவிடுகிறது என்பது புகார். கரன்ட்டைப் பிடுங்கி 12 வோல்ட் பேட்டரியில் போட்டோம். பட்டனில் ப்ரோப், இறங்கு முனை, 2.5 வோல்ட் லெவல், சிங்கிள். தம்பி பட்டனை அழுத்தினான். நேராக இறங்க வேண்டிய கோடு, 3 மில்லிசெகண்டுக்குள் நாலு தடவை ஏறி இறங்கி அப்புறம்தான் அடங்கியது. ஓர் அழுத்தலை நாலைந்தாக எண்ணிக்கொண்டிருந்தது சிப். புரோகிராமில் 30 மில்லிசெகண்ட் காத்திருக்கச் சொல்லி இரண்டு வரி சேர்த்தோம். மறுநாள் விடிந்ததும் வடுவூர்க்காரர் வந்து போர்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார், நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்க வேண்டுமாம்.