வலி மாத்திரை: கடையில் தொடங்கும் தவறு

"முட்டி வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்று கேட்டால், மெடிக்கலில் அட்டையைக் கத்தரியால் நறுக்கிக் கவரில் போட்டுத் தருவார்கள். அந்தத் துண்டில் பல நேரம் மருந்தின் பெயரே இருக்காது. மற்ற தவறுகளுக்கெல்லாம் இதுதான் வாசல் என்பேன். பெயர் தெரியாமல் காலையில் தலைவலிக்கு ஒன்று, மாலையில் இடுப்பு வலிக்கு வேறொன்று போடுகிறோம். ஒன்று ஐபுபுரூஃபென், மற்றது டைக்ளோஃபெனாக் என்றால் இரண்டும் ஒரே வகை. வயிற்றில் புண்ணும் இரத்தக்கசிவும் வரும் ஆபத்துதான் கூடும். காம்பிஃபிளாம் என்ற வலி மாத்திரையில் 400 மி.கி. ஐபுபுரூஃபெனோடு 325 மி.கி. பாராசிட்டமாலும் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டுக் காய்ச்சலுக்கு டோலோ 650 எடுத்தால் பாராசிட்டமால் இரண்டு முறை உள்ளே போகிறது. பெயருள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள். முடியாவிட்டால் முழு அட்டையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

"சாப்பிட்டுவிட்டுத்தானே போடுகிறேன்" என்பது பாதி சமாதானம். வயிற்றின் உட்சுவரைக் காக்க உடம்பே சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை இந்த வகை மருந்துகள் இரத்தத்தில் கலந்த பிறகும் குறைக்கின்றன. ஊசியாகப் போட்டாலும் புண் வருவது அதனால்தான். மலம் தார் போலக் கறுத்துப் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது பிரஷர் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள். சிறுநீரகத்துக்குள் இரத்தம் கொண்டுபோகும் நுண்குழாயை விரித்து வைப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். பிரஷருக்கு டெல்மிசார்ட்டானோ எனலாப்ரிலோ, கூடவே சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரையும் எடுப்பவர் வலி மாத்திரையையும் சேர்த்தால், சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமும் நெருக்கடி. வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றியிருக்கும்போது அது இன்னும் மோசம். இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த வகை வலி மாத்திரை ஒன்றுகூடப் போடக் கூடாது. இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் எடுப்பவர்களும் அப்படியே. ஐபுபுரூஃபென் அதன் வேலையைத் தடுக்கக் கூடும்.

மழைக்காலக் காய்ச்சலில் உடம்பு அடித்துப்போட்டது போல வலித்தாலும் ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் வேண்டாம். அது டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். பாராசிட்டமால் போதும். கர்ப்பிணிகள், குறிப்பாக 20 வாரத்துக்குப் பிறகு, தாமாக எடுக்கவே கூடாது.

முட்டி வலி மட்டும்தான் என்றால் டைக்ளோஃபெனாக் ஜெல்லைப் பற்றி முதலில் கேளுங்கள். தோலில் தடவினால் இரத்தத்தில் சேரும் மருந்து மாத்திரையைவிட மிகக் குறைவு.