ஒரு வாய் தண்ணீர் கொடுப்பதற்கு முன்

மருத்துவமனையில் தன்னார்வலராகச் சேர்ந்த இரண்டாம் நாள். கட்டிலில் இருந்த பெரியவர், "நாக்கு ஒட்டுதுப்பா, ஒரு வாய் தண்ணி குடேன்" என்றார். அரை டம்ளர் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவரை ஆபரேஷன் தியேட்டருக்கு அழைத்துப்போக ஆள் வந்தபோதுதான் நான் செய்த காரியம் புரிந்தது. அவருடைய முறையைக் கடைசிக்குத் தள்ளினார்கள். சிஸ்டர் திட்டவில்லை. "யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இந்த ரகம்தான். அலட்சியத்தால் வருவதில்லை, இரக்கத்தால் வருகிறது. மயக்க மருந்து கொடுத்தபின் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். அதனால்தான் அறுவைச் சிகிச்சைக்குப் பொதுவாக 6 மணி நேரம் முன்பே சாப்பாட்டையும், 2 மணி நேரம் முன்பே தண்ணீரையும் நிறுத்துகிறார்கள். பால் கலந்த டீ சாப்பாட்டுக் கணக்கில் சேரும். "டீதானே" என்று நினைத்துவிடாதீர்கள்.

பக்கவாதம் வந்தவரிடம் இன்னும் கவனம் வேண்டும். அவருக்கு விழுங்கும் திறன் குறைந்திருக்கலாம். சரியாக விழுங்குகிறாரா என்று சோதித்துச் சொல்லும்வரை ஒரு ஸ்பூன் தண்ணீர்கூடக் கூடாது. அனுமதி உள்ளவரையும் படுக்கவைத்தபடி ஊட்டாதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, சின்னச் சின்ன வாயாகக் கொடுத்து, முடிந்தபின் அரை மணி நேரமாவது உட்காரவிடுங்கள். நடுவில் இருமினாலோ, குரல் கொழகொழவென்று மாறினாலோ அங்கேயே நிறுத்திவிட்டு சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. சாப்பிடாமல் வைத்த தட்டைப் பேசாமல் எடுத்துப்போய்விடுவது. அவர் இன்சுலின் போட்டுக்கொண்ட சர்க்கரை நோயாளியாக இருந்தால், கொஞ்ச நேரத்தில் வியர்த்து, கை நடுங்கி, மயங்கிக்கூட விழலாம். "ஏழாம் கட்டில்காரர் சாப்பிடல சிஸ்டர்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தட்டை எடுங்கள்.

அடுத்தது தூக்குவது. வாதத்தில் விழுந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு விலகிவிடலாம். நீண்ட நேரம் படுத்திருந்தவரைச் சட்டென்று நிற்கவைத்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் உட்காரட்டும். வீல்சேரில் இரண்டு பக்க பிரேக்கையும் போட்டு, கால் வைக்கும் பலகையை மடக்கியபிறகே ஏற்றுங்கள். சரிவில் இறங்கும்போது நீங்கள் பின்னோக்கி நடந்து, வண்டியை உங்கள் பக்கமாக மெல்ல இறக்குங்கள். அப்படியும் ஒருவர் விழப்போனால், தாங்கிப் பிடித்து நிறுத்த முயல வேண்டாம். உங்கள் மேல் சாயவிட்டு, தலை அடிபடாமல் தரையில் மெதுவாக இறக்கிவிட்டுக் குரல் கொடுங்கள். ஏற்கெனவே விழுந்து கிடப்பவரை "பாவம்" என்று உடனே தூக்கி நிறுத்துவதும் தப்பு, எலும்பு முறிந்திருந்தால்?

வீல்சேரில் போகும்போது யூரின் பேக்கை நோயாளியின் மடியில் வைப்பதை இன்றும் பார்க்கிறேன். சிறுநீர் திரும்ப உள்ளே போய்த் தொற்று வரலாம். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையிலும் படக்கூடாது. டிரிப்ஸின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளை, ஆக்ஸிஜன் திருகு இரண்டும் நம் கைக்கு உரியவை அல்ல. ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 90 சதவீதம் என்று காட்டியதும் பதறித் திருகைக் கூட்டியவர் உண்டு. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள பலருக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்று டாக்டர்களே வைத்திருப்பார்கள், கூட்டினால் கெடுதல்.

கையுறை போட்டால் கை சுத்தம் என்பது பெரிய மயக்கம். ஒரே கையுறையோடு நாலு கட்டில் போனால் நாலு பேருடைய கிருமியையும் நாமே சுமக்கிறோம். ஒவ்வொருவருக்கும் முன்னும் பின்னும் சானிடைசரை 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். கை அழுக்காகத் தெரிந்தால் சோப்பும் தண்ணீரும்தான்.

தரையில் கிடக்கும் ஊசியைக் கையால் எடுக்க வேண்டாம், மூடி போடவும் முயல வேண்டாம். ஊசிக்குத் துளைபடாத வெள்ளை டப்பா. மஞ்சள் பையில் போட்டால் அது துப்புரவுப் பணியாளரின் விரலைக் குத்தும். உங்களையே குத்திவிட்டால், பிதுக்காமல் சோப்புத் தண்ணீரில் கழுவி, வெட்கப்படாமல் உடனே சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

எக்ஸ்ரேக்கு அழைத்துப்போக வந்து, "நீங்கதானே முருகன்?" என்று கேட்காதீர்கள். காது மந்தமான தாத்தா எதற்கும் தலையாட்டுவார், வார்டில் இன்னொரு முருகனும் இருப்பார். "உங்க பேரு என்னங்கய்யா?" என்று கேட்டு, கையில் கட்டிய பட்டையின் எண்ணையும் பாருங்கள்.

கடைசியாக, நோயாளியின் சிகிச்சை விவரம் எழுதிய கேஸ் ஷீட். "ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க, அதுல என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லு தம்பி" என்று உறவினர் கெஞ்சுவார். படிக்காதீர்கள். "ஒண்ணும் ஆகாதுங்கம்மா" என்றும் அளந்துவிடாதீர்கள். "வாங்கம்மா, டியூட்டி டாக்டர்கிட்ட நானும் வர்றேன், கேப்போம்" என்று கூடவே நடந்து போங்கள்.