இடிபாட்டுக்குள் போகும் ரோபோ: ஆய்வகத்திலேயே தொடங்கும் தவறுகள்

பேரிடர் மீட்புக்கென்று பல்கலைக்கழகங்களில் உருவாகும் ரோபோக்கள் ஆய்வகத் தரையில் அநேகமாக நன்றாகவே ஓடும். படி ஏறும், கவிழ்ந்தால் தானே நிமிரும். களத்தில் காலை வாருவது வேறு: கேபிள், ஈரம், தூசி, திரையைப் பார்ப்பவரின் களைப்பு.

பெரிய தவறு வைஃபையை நம்புவது. கம்பி கட்டிய கான்கிரீட் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை விழுங்கிவிடும். 2001 செப்டம்பரில் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் இடிபாடுகளில் ரோபோக்களை இறக்கியவர்களில், அப்போது தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் இருந்த மீட்பு ரோபோ ஆய்வாளர் ராபின் மர்ஃபியின் குழுவும் உண்டு. அங்கே வயர்லெஸ் ரோபோ ஒன்று தொடர்பு அறுந்து உள்ளேயே தங்கிவிட்டது. கேபிளோடு இறங்கிய, செருப்புப் பெட்டி அளவு ரோபோக்கள்தான் கைகொடுத்தன.

கேபிள் போட்டால் தீர்ந்ததா? இல்லை. ஜப்பானின் சிபா தொழில்நுட்பக் கல்லூரியும் தொஹோகு பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த குவின்ஸ் ரோபோ, 2011 அக்டோபரில், விபத்துக்குள்ளான ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தின் 2ஆம் உலைக் கட்டடத்தில் வேலையை முடித்துத் திரும்பும்போது கேபிள் அறுந்து, மூன்றாம் தளத்திலேயே நின்றுபோனது. போகும் வழியைத் திட்டமிடும் அளவுக்குத் திரும்பும் வழியை யாரும் திட்டமிடுவதில்லை. மாணவர் புராஜெக்ட்டுகளில் இது இன்னும் மோசம். நேர்க்குத்தான ஓட்டைக்குள் இறக்கும்போது, மேலே ஒருவர் கையால் கேபிளைத் தளர்த்தியும் இழுத்தும் கொடுப்பது சரி. நீண்ட தாழ்வாரம் என்றால் கேபிள் சுருள் ரோபோவின் மேலேயே இருக்க வேண்டும். வெளியிலிருந்து இழுத்துக்கொண்டு போனால் ஒவ்வொரு வளைவிலும் உராய்வு பெருகி, மூன்று நான்கு திருப்பத்தில் மோட்டார் திணறும். போன தடத்திலேயே திரும்புங்கள். வேறு வழியில் சுற்றி வந்தால் தூணைச் சுற்றி முடிச்சு விழும். கேபிளுக்குள் இருக்கும் கெவ்லார் என்ற உறுதியான இழையை ரோபோவின் சட்டத்தில் (சேசிஸில்) கட்டி, கனெக்டர் பக்கம் ஒரு சாண் தளர்வு விடுங்கள். இழுவை கனெக்டரில் விழுந்தால் முதல் இழுப்பிலேயே பிடுங்கிக்கொள்ளும்.

இதோடு சேர்ந்த மென்பொருள் தவறு ஒன்று. சிக்னல் போன பிறகும், கடைசியாக வந்த கட்டளையையே நிறைவேற்றிக்கொண்டு ரோபோ ஓடும். அரை நொடிக்கு மேல் சிக்னல் வரவில்லை என்றால் மோட்டார் நிற்கும்படி எழுதுங்கள். விளக்கும் மைக்கும் மட்டும் உயிரோடு இருக்கட்டும்.

ஈரத்துக்கு ஓர் உதாரணம் போதும். 2010 நவம்பரில் நியூசிலாந்தின் பைக் ரிவர் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் அனுப்பிய ராணுவ ரோபோ, ஏறக்குறைய 550 மீட்டரில் தண்ணீர் புகுந்து நின்றுபோனது. தூசியும் நீரும் புகாமல் காப்பதைக் குறிக்கும் ஐபி67 தரம் என்பது, நீரைப் பொறுத்தவரை, 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்குவதற்குத்தான். மீத்தேன் இருக்கும் இடத்தில் தீப்பொறி எழாமல் காப்பது வேறு சான்றிதழ்.

சென்சார் தேர்வுதான் நம் கல்லூரிகளில் அதிகம் சறுக்கும் இடம். ‘உயிரோடு இருப்பவரைக் கண்டுபிடிக்க’ என்று பிஐஆர் சென்சாரை மாட்டுவார்கள். அது வெப்பத்தின் அசைவைத்தான் பார்க்கும். மயங்கிக் கிடப்பவர் அதற்குத் தெரியமாட்டார். ரோபோவே நகர்ந்தால் சுவரைக்கூட ஆள் என்று காட்டும். மூச்சுக்காற்றைப் பிடிக்க எம்க்யூ-135 என்ற வாயு சென்சாரை வைப்பது அடுத்த வழக்கம். அதைச் சூடேற்றித் தயார்செய்யவே 24 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதோடு புகை, அம்மோனியா எல்லாவற்றுக்கும் துள்ளும். கார்பன் டை ஆக்ஸைடை அகச்சிவப்பில் அளக்கும் சென்சார் வாங்குங்கள். அதுவும் நிதானமாகத்தான் பதில் சொல்லும், ஆகவே ஒவ்வொரு இடத்திலும் ஓரிரு நிமிடம் ரோபோவை நிறுத்த வேண்டும். தெர்மல் கேமராவும் மே மாத மதியத்தில் உதவாது, வெயிலில் காய்ந்த கான்கிரீட் மனிதத் தோலைவிடச் சூடாக இருக்கும். சாதாரணக் கேமராவில் தோல் நிறத்தைத் தேடும் நிரலும் பலிக்காது. இடிபாட்டில் ஆள், துணி, செங்கல் எல்லாமே ஒரே சாம்பல் நிறம்தான். எல்ஈடியை லென்ஸுக்கு ஒட்டினாற்போல் வைத்தால் தூசி வெளிச்சத்தைத் திருப்பியடித்துத் திரையை வெளுக்கச் செய்யும். தள்ளி, பக்கவாட்டில், வெளிச்சத்தைக் குறைக்கும் வசதியோடு வையுங்கள். இவ்வளவுக்கும் மேலே, 50 ரூபாய் மைக் ஒன்று நிறைய வேலை செய்யும், மோட்டாரை நிறுத்திவிட்டுக் கேட்டால்.

‘ஒருவரே இயக்கலாம்’ என்று பெருமையாக எழுத வேண்டாம். ஓட்டுபவர் ஒருவர், திரையைப் பார்ப்பவர் ஒருவர் என்று குறைந்தது இருவர் வேண்டும். கேபிள் பிடிக்க இன்னொருவர். இடிபாட்டின் மேல் சுமந்து ஏறுவதும் இவர்கள்தான். எத்தனை கிலோவைச் சுமக்க முடியும், ஓட்டை எவ்வளவு அகலம் என்பதையெல்லாம் படம் வரைவதற்கு முன்பே மீட்புப் படையினரிடம் கேளுங்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆவது பட்டாலியன் அரக்கோணத்தில்தான் இருக்கிறது.

டெமோ நாளில் ஒருமுறை ஓடியதைச் சோதனை என்று சொல்ல முடியாது. ஒரே தடத்தில் தொடர்ந்து 10 முறை தவறாமல் முடித்தால்தான், ‘பத்தில் எட்டு முறையாவது வேலை செய்யும்’ என்று ஏறக்குறைய 90 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். ஒன்பதாவது ஓட்டத்தில் ட்ராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை) கழன்று, அதை மாற்றியமைத்தால், எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. அந்தப் பத்திலும் ரிமோட்டைப் பிடிப்பவர் ரோபோவைச் செய்தவராக இருக்கக் கூடாது.