பார்வை இல்லாமல் கேஸ் அடுப்பில் சமைப்பது: தொடங்குபவர்களுக்கான செய்முறை

"உனக்கு எதுக்கும்மா அடுப்பு, நாங்க செஞ்சு தர மாட்டோமா?" என்று அன்பாகச் சொல்லியே அடுப்படிக்கு வெளியே நிறுத்தப்பட்ட பார்வையற்ற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எனக்கும் பார்வை கிடையாது. சேலத்தில் எங்கள் வீட்டுச் சமையல் என் கையில்தான்.

கண் தெரிந்தவர்கள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் பாத்திரத்தை வைப்பார்கள். நாம் பாத்திரத்தை வைத்துவிட்டுப் பற்றவைக்க வேண்டும். நம் சமையலில் முக்கியமான மாற்றம் இதுதான்.

1. அணைந்த அடுப்பில் பழகுங்கள்

ரெகுலேட்டரை மூடிவிட்டு, ஆறிய அடுப்பைக் கையால் தடவிப் பாருங்கள். பர்னர் எங்கே, பாத்திரம் உட்காரும் ஸ்டாண்டின் கால்கள் எத்தனை, எந்தத் திருகு எந்த பர்னருக்கு என்று விரலுக்குத் தெரிய வேண்டும். அடுப்பைக் கழுவிய பிறகு பர்னர் மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். கோணலாக இருந்தால் தீ ஒரு பக்கமாகச் சாயும்.

பெரும்பாலான அடுப்புகளில் திருகின் மேடு கடிகாரத்தின் 12 மணி இடத்தில் இருந்தால் அணைந்திருக்கிறது. அழுத்தி இடப்பக்கம் 9 மணிக்குத் திருப்பினால் பெரிய தீ, 6 மணிக்குக் கொண்டுபோனால் சிம். உங்கள் அடுப்பு எப்படி என்று வீட்டில் ஒருவரைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்த மூன்று இடங்களுக்கும் நேராக எம்-சீல் ஒட்டுப்பசையில் சின்னப் புள்ளி வைத்துக்கொள்ளலாம். ஸ்டிக்கர் பொட்டு எண்ணெய்ப் பிசுக்கில் உரிந்து வந்துவிடும்.

2. உடை

பருத்தி உடை. முந்தானையோ துப்பட்டாவோ இடுப்பில் செருகியிருக்க வேண்டும், கூந்தல் கட்டியிருக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். காற்றில் தீ அணைந்தாலும் கேஸ் வந்துகொண்டே இருக்கும்.

3. வைப்பதும் பற்றவைப்பதும்

அடி கனமான, பிடி உள்ள பாத்திரமாக எடுங்கள். கடைவீதியில் வாங்கும்போது மேடையில் வைத்து ஆட்டிப் பாருங்கள். அடி தட்டையாக இருந்தால் ஆடாது. அதை ஸ்டாண்டில் வைத்து, சுற்றிலும் விரலை ஓட்டி நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். பிடி எப்போதும் 3 மணிப் பக்கம் இருக்கட்டும்.

இப்போது நீளமான லைட்டரை ஸ்டாண்டின் கால் ஓரமாக நகர்த்தி, நுனி பர்னரைத் தொடும்படி பிடியுங்கள். லைட்டர் இடத்துக்கு வந்த பிறகுதான் மறு கை திருகுக்குப் போக வேண்டும். திருகைத் திருப்பும்போதே லைட்டரை அழுத்துங்கள். 'பக்'கென்று பிடிக்கும் ஓசையும் அதைத் தொடர்ந்து மெல்லிய இரைச்சலும் கேட்கும். இரண்டு மூன்று நொடியில் பிடிக்கவில்லையென்றால் திருகை மூடி, வாடை போகும்வரை காத்திருந்து மறுபடி செய்யுங்கள். தானாகப் பற்றும் அடுப்பு இருந்தால் இன்னும் எளிது.

4. முதல் சமையல்: ஜவ்வரிசிக் கஞ்சி

முதலில் சில நாள் வெறும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள், காது பழகட்டும். சூடேறும்போது இரைச்சல் கூடிக்கொண்டே போகும். நன்றாகக் கொதிக்கும் நேரத்தில் அந்த இரைச்சல் அடங்கி, 'தளதள' என்று கனத்த ஓசையாக மாறும்.

ஜவ்வரிசி நம் ஊர்ச் சரக்கு. அரை டம்ளரை அரை மணி நேரம் ஊறவைத்து, நான்கு டம்ளர் கொதிக்கும் தண்ணீரில் போட்டு சிம்முக்கு மாற்றுங்கள். நீளமான மரக் கரண்டியால் அடியைத் தொட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். வேகாத ஜவ்வரிசி கரண்டிக்கடியில் மணல்போல் நறநறக்கும். வேக வேக அந்த நறநறப்பு குறையும், கரண்டி வழுக்கும், கை கனக்கும். இதற்குக் கண்ணே தேவையில்லை என்பதால்தான் முதல் சமையலாக இதைச் சொல்கிறேன். உப்பும் மோரும் ஆறிய பிறகு சேர்க்கலாம். வெல்லம் போடுகிறவர்கள் வெல்லம் போடுங்கள்.

பாலுக்கு மட்டும் காதை நம்ப வேண்டாம். அது சத்தமில்லாமல் பொங்கும். விசில் அடிக்கும் பால் குக்கர் வாங்கிவிடுங்கள்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே உயரம் சுமார் 1500 மீட்டர் என்பதால் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் எதுவும் வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். கடிகாரத்தைவிட்டு, கரண்டி சொல்வதைக் கேளுங்கள்.

5. இறக்குவது

முதலில் திருகை மூடுங்கள். இரைச்சல் நின்றதா என்று கேளுங்கள், திருகின் மேடு 12 மணியில் இருக்கிறதா என்று தொடுங்கள். பாத்திரத்தை வெறுங்கையால் தேடாதீர்கள். மரக் கரண்டியால் விளிம்பைத் தட்டிக் கண்டுபிடித்து, இடுக்கியால் பிடித்து, முன்பே காலியாக வைத்திருக்கும் இடத்தில் இறக்குங்கள். அந்த இடத்தில் வேறு யாரும் எதையும் வைக்கக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

6. கேஸ் வாடை வந்தால்

சமையல் கேஸுக்குத் தனியாக மணம் கிடையாது. கசிவு தெரிவதற்காகவே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கும். வாடை வந்தால் லைட்டரையோ சுவிட்சையோ தொடாதீர்கள். எரியும் மின்விளக்கை அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். வெளியே வந்த பிறகு கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906-க்கு அழையுங்கள். இந்த எண்ணை இன்றே போனில் பதிந்து வையுங்கள்.